ஒரு பைசா தொட்டதில்லை, ஆனாலும் ஊர் நம்பவில்லை

கேள்வி:

ஐயா, வட மாவட்டம் ஒன்றில் ஊராட்சி மன்றத் தலைவராக இருக்கிறேன். 2021 அக்டோபர் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நின்று ஜெயித்தேன். விவசாயக் குடும்பம், அரசியல் பின்னணி கிடையாது. பஞ்சாயத்துப் பணத்தில் ஒரு பைசா தொட்டதில்லை, சாமி மேல் ஆணையாகச் சொல்கிறேன். ஆனால் தெருவில் இறங்கினால் “எவ்வளவு கமிஷன் வந்துச்சு தலைவரம்மா” என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். வீட்டு வரி பாதிப் பேர் கட்டுவதில்லை. கிராம சபைக்கு நூறு நாள் வேலைக்காரர்களைத் தவிர யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம், அது சண்டைக் குழுவாகிவிட்டது. பி.டி.ஓ. ஆபீஸ், அதாவது ஒன்றிய அலுவலக வேலைகளை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார், அதனால் அங்கே சிக்கல் இல்லை. காலனிப் பக்கமிருந்தும் புகார் வருவதில்லை, அவர்கள் எங்களை நம்புகிறார்கள். மற்றவர்களை எப்படி நம்ப வைப்பது? பழைய வரி பாக்கியைத் தள்ளுபடி செய்து தீர்மானம் போட்டால் ஊர் மனசு மாறுமா?

பதில்:

அன்புள்ள தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் பணத்தைத் தொடவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் ஊராட்சிகள் உதவி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து நம்புவதால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்கள் ஊர்க்காரர் நம்ப வேண்டும். அதற்கு அவர் கையில் என்ன இருக்கிறது? நீங்கள் வைத்த ஆணை ஒன்றுதான். உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் அதே சாமி மேல் அதே ஆணையை வைத்திருப்பார்.

“எப்படி நம்ப வைப்பது” என்று கேட்கிறீர்கள். நம்ப வைக்க முயற்சி செய்வதை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஊர் உங்களைச் சோதித்துப் பார்க்க வழி செய்து கொடுங்கள். சோதித்துப் பார்த்தவன் தானாக நம்புவான். சோதிக்க முடியாத இடத்தில் இருப்பவன், நீங்கள் காந்தியாகவே இருந்தாலும், கமிஷன் எவ்வளவு என்றுதான் கேட்பான்.

அந்தக் கேள்வி உங்களைப் புண்படுத்துகிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. அது முழுக்க உங்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை. உங்கள் மாவட்டத்தின் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் உயர் நீதிமன்ற உத்தரவால் நின்றது. மற்ற 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தபோதும் உங்கள் மாவட்டத்தைச் சேர்த்து ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. நீங்கள் பதவி ஏற்கும்வரை கிட்டத்தட்ட ஐந்து வருடம், தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சிதான். தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்றே தெரியாமல் ஜனங்கள் ஐந்து வருடம் இருந்திருக்கிறார்கள். தனி அலுவலர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருக்கு நிறைய ஊராட்சி, அதற்கு மேல் ஒன்றிய அலுவலக வேலை. ஓட்டுக் கேட்டு அந்தத் தெருவுக்கு அவர் திரும்பி வரப்போவதில்லை. பஞ்சாயத்து என்றால் நமக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஓர் ஆபீஸ் என்கிற எண்ணம் அந்த ஐந்து வருடத்தில் ஊறிப்போயிருக்கும். 2025 ஜனவரியோடு மற்ற மாவட்டங்களிலும் பதவிக்காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர் வந்தார். நம் மாநிலத்தில் உள்ளாட்சி என்பது இப்படி வந்துவந்து போகிற சரக்காக இருக்கும்போது, அதன் மேல் ஜனங்களுக்கு ஒட்டுதல் இல்லை என்று குறைப்பட நமக்கு உரிமை குறைவு.

சரி, இனி உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம். முதலில் கணக்கு.

கிராம சபையில் வரவு செலவு வாசிக்கிறீர்கள்தானே? எப்படி வாசிக்கப்படுகிறது என்பதை நேரில் வராமலே சொல்லிவிடுவேன். ஊராட்சி செயலர் எழுந்து, கணக்கு எண் ஒன்றில் இவ்வளவு வரவு, இவ்வளவு செலவு, கணக்கு எண் இரண்டில் மின் கட்டணம் இவ்வளவு என்று ஒரே மூச்சில் படித்து முடிப்பார். விதிப்படி சுருக்கத்தைப் பேனராகவும் கட்டியிருப்பீர்கள். அதில் “மின்மோட்டார் பழுது: ரூ.19,400” என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பார்த்து ஊர்க்காரர் என்ன செய்ய முடியும்? நம்பலாம், இல்லையென்றால் திருட்டு என்று நினைக்கலாம். மூன்றாவது வழி கிடையாது. பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அதே செலவை இப்படி எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன்: “பள்ளிக்கூடத் தெரு போர்வெல். ஐந்து எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார். மே 11 காலை காயில் கருகியது. மோட்டாரை வெளியே எடுத்து மறுபடி இறக்கக் கூலி 4,500. ரீவைண்டிங் 8,800. கேபிள் 30 மீட்டர் மாற்றியது 4,200. பேனல் போர்டில் கான்டாக்டர் மாற்றியது 1,900. மே 14 மாலை தண்ணீர் விடப்பட்டது. வேலை நடந்தபோது அந்த வார்டு உறுப்பினரும் எதிர்வீட்டுக்காரரும் உடன் இருந்தார்கள்.” கூட்டிப் பார்த்தால் அதே 19,400. ஆனால் இப்போது ஊரில் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் எழுந்து, “ரீவைண்டிங் டவுன்ல ஏழாயிரத்துக்குச் செய்றானே, எட்டாயிரத்து எண்ணூறு எதுக்கு?” என்று கேட்பார். கேட்கட்டும். செயலர் பில்லை எடுத்துக் காட்டட்டும், அல்லது “அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்தோம், அடுத்த தடவை நீங்கள் சொல்லும் கடையில் விலை கேட்கிறோம்” என்று நீங்கள் சொல்லுங்கள். அந்தக் கேள்வி வந்த நாள் உங்களுக்கு நல்ல நாள். அதுவரை வதந்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். இப்போது 1,800 ரூபாய் வித்தியாசத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதற்குப் பதில் சொல்லி முடிக்கலாம், வதந்திக்குப் பதில் சொல்லி முடியாது.

எல்லாச் செலவையும் இப்படி எழுத செயலருக்கு நேரம் இருக்காது; அவரும் மனிதர்தான், இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்களே அவர் கழுத்தை நெரிக்கின்றன. பத்தாயிரத்துக்கு மேல் போன செலவுகளை மட்டும் எழுதுங்கள். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு கரும்பலகை போதும். பேனர் அடித்தால் அதற்கு ஒரு பில் வரும், அந்தப் பில்லுக்கும் ஒரு கேள்வி வரும்.

இது நானாகக் கண்டுபிடித்த வைத்தியம் இல்லை. ராஜஸ்தானில் அன்றைய பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்று ஒரு கிராமம். 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு அங்கே மக்கள் விசாரணை ஒன்றை நடத்தியது. விசாரணை என்றதும் நீதிமன்றம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். ஊர் கூடி உட்கார்ந்திருக்கும், அரசாங்க வேலைகளின் மஸ்டர் ரோலை, அதாவது வேலையாட்களின் வருகை, கூலிப் பதிவேட்டை ஒருவர் சத்தமாகப் படிப்பார். இன்னார் இத்தனை நாள் வேலை பார்த்தார், இவ்வளவு கூலி வாங்கினார். பெயர் படிக்கப்பட்டவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். “நான் அந்த வேலைக்கே போகலையே” என்று அவர் எழுந்து நிற்பார். பெயர் பெயராகப் படிக்கப் படிக்கப் பொய் தானாக உதிர்ந்தது. அதுவரை ‘ஊழல் நடக்கிறது’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசிக்கொண்டிருந்த ஜனங்களுக்கு எந்தத் தாளில், எந்த வரியில் என்று கை வைத்துக் காட்ட முடிந்தது. ‘நம் பணம், நம் கணக்கு’ என்பது அவர்களுடைய கோஷம். அந்தத் தாள்களின் நகலைக் கேட்டு வருடக்கணக்கில் நடந்த போராட்டம்தான் 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு முக்கியமான வேர்களில் ஒன்று. அந்தச் சட்டத்தின் நான்காவது பிரிவு, யாரும் மனுப் போடும்வரை காத்திருக்காமல் அலுவலகமே தன் வரவு செலவு விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது. நம் ஆபீஸ்களில் அதிகம் தூசு படிந்து கிடக்கும் பிரிவு அதுதான்.

அங்கே ஜனங்கள் வெளியிலிருந்து இழுக்க வேண்டியிருந்தது. நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்களே எடுத்து வைத்தால் அதன் மதிப்பு வேறு.

உத்திரமேரூரைப் பற்றி மேடைகளில் கேட்டிருப்பீர்கள். பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள், குடவோலை முறை, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் மண்ணில் மக்களாட்சி என்று முழங்குவார்கள். அந்தச் சபை வேதமும் நிலமும் உடைய ஆண்களுக்கு மட்டுமானது என்பதைச் சொல்ல மாட்டார்கள். அதைவிட முக்கியமாக, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது என்று அதே கல்வெட்டில் இருப்பதையும் விட்டுவிடுவார்கள். இன்று அந்த விதி வந்தால் எத்தனை குடும்பத்துக்குச் சிக்கல் என்று யோசித்து நானே சிரித்துக்கொண்டது உண்டு.

அடுத்தது, எது உங்கள் வேலை, எது இல்லை என்பது. ஜனங்கள் கண்ணில் அரசாங்கம் என்பது ஒன்றுதான். ரேஷனில் பருப்பு இல்லை, பட்டா மாறவில்லை, மெயின் ரோட்டில் பள்ளம், அங்கன்வாடிக் கூரை ஒழுகுகிறது, எல்லாவற்றுக்கும் தலைவரம்மாதான். குடிநீர், தெருவிளக்கு, வடிகால், ஊருக்குள் உள்ள தெருச் சாலை, துப்புரவு, சுடுகாடு இவைதான் உங்களுடையது. மற்றவை வருவாய்த் துறை, கூட்டுறவு, நெடுஞ்சாலை, ஒன்றியம் என்று சிதறிக் கிடக்கின்றன. “அது எங்க வேலை இல்லை” என்று மட்டும் சொன்னால் தட்டிக் கழிப்பதாகத்தான் படும். “அது வருவாய்த் துறை வேலை, மனுவை எழுதிக் கொடுங்கள், பஞ்சாயத்து சார்பில் ஒரு கடிதம் வைத்து தாசில்தார் ஆபீஸுக்கு அனுப்புகிறேன், போன தேதி இது” என்று சொன்னால் வேலை முடியாவிட்டாலும் ஆள் உங்கள் பக்கம் நிற்பார்.

பணத்திலும் இதே குழப்பம் உண்டு. கையில் காசு இருந்தும் ரோடு போடவில்லை என்று பேசுவார்கள். 2021 முதல் 2026 வரையிலான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டி வைக்கப்பட்டது. அதை எடுத்து ரோடு போட விதி இடம் கொடுக்கவில்லை. இதைக் கிராம சபையில் ஒரு தடவை கூட யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். ஊருக்குள் நடக்கிற பல வேலைகள் ஒன்றியத்தின் டெண்டரிலும் எம்.எல்.ஏ. நிதியிலும் நடப்பவை. சிமென்ட் ரோடு ஆறு மாதத்தில் பெயர்ந்தால் வசவு உங்களுக்கு வரும், பில் வேறொருவருக்குப் போயிருக்கும். ஆகவே ஊர் எல்லைக்குள் யார் வேலை செய்தாலும் திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர், தொடங்கிய தேதி ஆகியவற்றை உங்கள் கரும்பலகையில் ஏற்றிவிடுங்கள். ஒப்பந்ததாரருக்குப் பிடிக்காது. பி.டி.ஓ. ஆபீஸில் சிலருக்கும் பிடிக்காது. போன் வரும். அந்தப் போனை உங்கள் வீட்டுக்காரர் எடுக்காமல் நீங்கள் எடுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் மனம் விட்டுப் பேசிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றிய அலுவலக வேலையை அவர் பார்த்துக்கொள்வதால் அங்கே சிக்கல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் பாதிச் சிக்கலே அதுதான் என்பது என் கணிப்பு. 2016இல் நம் மாநிலம் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று சட்டம் செய்தது. அதன் பிறகு எல்லா ஒன்றிய அலுவலக வாசலிலும் வெள்ளை வேட்டியில் ‘தலைவர் வீட்டுக்காரர்’ என்று ஒரு வரிசை நிற்கிறது. உங்கள் கணவர் யோக்கியமானவராகவே இருக்கட்டும். ஓட்டுப் போட்டது உங்களுக்கு, கையெழுத்து உங்களுடையது, பேசி முடிப்பது வேறொருவர் என்றால், பேச்சில் என்ன முடிந்தது என்று ஊர் சந்தேகப்படத்தான் செய்யும். அவர் பைக்கில் அந்த ஆபீஸ் வாசலில் நிற்கிற ஒவ்வொரு தடவையும் ‘கமிஷன்’ கேள்விக்குத் தீனி கிடைக்கிறது. பாஸ்புக்கை நீங்களே வாங்கிப் படியுங்கள். ஓவர்சியர் அளவு எடுக்க வரும்போது நீங்கள் போய் நில்லுங்கள். எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில் என்ன எழுதுகிறார் என்று கேளுங்கள். முதல் இரண்டு தடவை புரியாது. ஓவர்சியருக்கு நீங்கள் கேட்பீர்கள் என்பது புரிந்தால் போதும், எழுத்து நேராகும். பள்ளிப் படிப்பு குறைவு என்று தயங்கினால், உங்கள் ஊர் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிற பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் பத்து வருடமாக ஊர்ப் பெண்களின் பணத்துக்கு ஐந்து ரூபாய் பிசகாமல் கணக்கு எழுதியிருப்பார். ஊர் அவரை ஏற்கெனவே நம்புகிறது.

காசோலையில் உங்களோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது தெரிந்ததுதான். அவரோடு மனஸ்தாபம் இருந்தால் எழுதுங்கள், அதைத் தனியாகப் பேசுவோம். பல ஊராட்சிகள் அதில்தான் கிடந்து சாகின்றன.

இனி காலனி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திய வரி அதுதான். அங்கிருந்து புகார் வருவதில்லை, அதனால் அவர்கள் நம்புகிறார்கள் என்கிறீர்கள். என் அனுபவத்தில் சண்டை போடுகிறவர் உங்களிடம் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறார். “கமிஷன் எவ்வளவு” என்று முகத்துக்கு நேரே கேட்க முடிகிறவருக்கு, கேட்டால் தனக்கு ஒன்றும் ஆகாது என்கிற தைரியம் இருக்கிறது. வாயே திறக்காதவர்கள் இரண்டு வகை: சொல்லிப் பயனில்லை என்று முடிவு கட்டியவர்கள், சொன்னால் வம்பு வரும் என்று பயப்படுகிறவர்கள்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மதுரை மாவட்டம் மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று, தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சியில் ஜெயித்த தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில், ஒதுக்கீடு பிடிக்காமல் 1996 முதல் பத்து வருடம் ஒழுங்காகத் தேர்தலே நடக்க விடவில்லை. மனுத் தாக்கலே இருக்காது, இருந்தால் ஜெயித்தவர் உடனே ராஜினாமா. 2006இல்தான் முறையாக நடந்தது. 2021 காந்தி ஜெயந்தி அன்று முதலமைச்சர் பாப்பாபட்டிக்கே போய்க் கிராம சபையில் உட்கார்ந்தார். இவை பழங்கதை என்று ஒதுக்காதீர்கள். 2020இல் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சியில், தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் ஊரெல்லாம் சுற்றியது. இதெல்லாம் உங்கள் ஊரில் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் காலனியில் இருப்பவர்களுக்கு இந்தச் செய்திகள் எல்லாம் தெரியும். பஞ்சாயத்து ஆபீஸ் படியேறும்போது அவர்கள் மனதில் அவையும் சேர்ந்து ஏறும்.

நீங்கள் செய்யக் கூடியது இது. ஒரு நாள் காலையில் டேங்க் ஆபரேட்டர் தண்ணீர் திறக்கிற நேரத்தில் காலனியின் கடைசிக் குழாயில் போய் நில்லுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை மணிக்கு நிற்கிறது என்று பாருங்கள். பிறகு ஊர்ப்பக்கம் முதல் தெருக் குழாயில் அதே மாதிரி பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வேறு எதையும் விட்டுவிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள். கேட் வால்வு வைத்து நேரத்தைப் பிரிப்பதா, தனி லைன் போடுவதா என்பதை பொறியாளர் சொல்வார். டேங்க் கழுவிய தேதி டேங்கிலேயே எழுதப்பட்டிருக்கிறதா, அந்தத் தேதி உண்மையா என்றும் கேளுங்கள். காலனிப் பெண்களிடம் கேளுங்கள், ஆபரேட்டரிடம் இல்லை. அடுத்த கிராம சபையை அங்கே வையுங்கள். கூட்டத்தை ஊராட்சியின் குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும், மதச் சார்புள்ள வளாகத்தில் நடத்தக் கூடாது என்பது ஏற்கெனவே உள்ள விதிதான். கோயில் மண்டபத்தில் நிழல் இருக்கிறது என்று வழக்கமாக அங்கேயே கூட்டுகிற ஊர்கள் உண்டு. யார் உள்ளே வரத் தயங்குவார்கள் என்று யோசிக்காமல் செய்கிற காரியம் அது, அல்லது யோசித்தே செய்கிறார்கள்.

கிராம சபை என்று வந்தாகிவிட்டது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கூட்டம். ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300 என்று குறைவெண் வரம்பு, அதாவது குறைந்தது இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இந்த எண்ணிக்கையைக் காட்டத்தான் நூறு நாள் வேலை ஆட்களை வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்குவது. கையெழுத்துப் போட்டவர் மரத்தடிக்குப் போய்விடுவார், தீர்மானம் ஆபீஸில் எழுதப்படும். வந்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று மற்றவர்கள் வீட்டிலேயே இருப்பதில் நியாயம் இருக்கிறது.

கூட்டத்தின் முதல் பொருளாகப் போன கூட்டத்துத் தீர்மானங்களை எடுங்கள். ஒவ்வொன்றும் என்ன ஆயிற்று? முடிந்தது, முடியவில்லை, யாரிடம் நிற்கிறது, எந்தத் தேதியில் அனுப்பினோம். ‘முடியவில்லை’ என்பது அதிகமாக இருக்கும், வெட்கமாகவும் இருக்கும். இருந்தாலும் சொல்லுங்கள். காரணத்தோடு வந்த ‘இல்லை’யை ஊர் பொறுத்துக்கொள்ளும், ‘பார்க்கலாம், செஞ்சிடலாம்’ என்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் அவர்கள். தீர்மானத்தை அங்கேயே எழுதி, கையெழுத்து வாங்கும் முன் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நூறு நாள் ஆட்கள் வரட்டும், அவர்களும் ஊர்க்காரர்கள்தான். ஆனால் அவர்களையும் பேச விடுங்கள். கூலி எத்தனை வாரம் பாக்கி என்று அவர்களிடம் கேட்டாலே கூட்டம் சூடு பிடித்துவிடும்.

கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. கூட்டத்தில் பேசியது அடுத்த வருடம் ரோடாகவும் கிணறாகவும் கண்ணில் தெரிந்தது, ஜனங்கள் வந்தார்கள். உங்களுக்கு அந்த அளவு பணமும் கிடையாது, அதிகாரமும் கிடையாது. அதனால் பெரிதாக எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். இன்ன தெருவில் மூன்று எல்.இ.டி. விளக்கு இந்த மாதக் கடைசிக்குள் என்று சொல்லி, அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே போட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவை மூடிவிட வேண்டாம். நீங்களும் செயலரும் மட்டும் பதிவிடும்படி மாற்றிவிடுங்கள். தண்ணீர் விடும் நேரம், மின்தடை, கரும்பலகையின் படம், இவ்வளவு போதும். புகாருக்கு ஒரு நோட்டு வையுங்கள்: தேதி, யார், என்ன, பதில் சொன்ன தேதி. போனில் சொன்னாலும் செயலர் அதில் எழுத வேண்டும். பிறந்தநாள் வாழ்த்துப் படங்களைத் தயவுசெய்து யாரும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுடையதையும் சேர்த்துத்தான்.

கடைசியாக வரி பாக்கி. தள்ளுபடி செய்து தீர்மானம் போடாதீர்கள். உங்கள் தீர்மானத்தால் மட்டும் அது செல்லாது, தணிக்கையில் கேள்வி வரும். அது ஒரு பக்கம். ஒழுங்காகக் கட்டிய பாதி ஊரைப் பார்த்து ‘நீங்கள்தான் ஏமாளிகள்’ என்று சொல்வது போலாகும். இன்று ஊராட்சி மேல் கொஞ்சமாவது நம்பிக்கை வைத்திருப்பவர்கள் அவர்கள்தான், அவர்களையும் இழப்பீர்கள்.

வரி ஏன் வருவதில்லை என்றால், கட்டிய காசு எங்கே போனது என்று தெரியவில்லை. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, கையிருப்புச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் வைத்து 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவி மின்சாரம் விற்றது. அந்த அளவுக்கு இப்போது கனவு காண வேண்டாம், ஆனால் தன் பணம் என்று ஊர் விரல் நீட்டிக் காட்ட ஒரு பொருள் இருந்தது என்பதைக் கவனியுங்கள். இந்த வருட வீட்டு வரி வசூலை மானியங்களோடு கலந்து சொல்லாமல், எவ்வளவு வந்தது, அதில் என்ன செய்தோம் என்று தனியாகச் சொல்லுங்கள். சுடுகாட்டுக்குப் போகிற பாதையில் விளக்கோ, பள்ளிக்கூடத்துப் பக்கம் வடிகால் மூடியோ, எல்லாரும் கடந்து போகிற இடத்தில் ஒன்று போதும்.

வசூலை உங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள். பிறகு வார்டு உறுப்பினர்கள், பிறகு ஊரில் பெரிய வீடு கட்டியிருப்பவர்கள். மாடி வீட்டுக்காரரிடம் கேட்காமல் ஓட்டு வீட்டுக்காரரிடம் போய் நின்றால், வரியும் வராது, மரியாதையும் போகும். கட்டாதவர்கள் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டி மானத்தை வாங்க வேண்டாம். பழைய பாக்கியைத் தவணையில் வாங்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தவணைக்கும் அன்றே ரசீது கொடுக்கச் சொல்லுங்கள். பணம் வாங்கி ‘ரசீது அப்புறம் தரேன்’ என்று யாராவது சொன்னதாகப் புகார் நோட்டில் ஒரு வரி வந்தாலும், அந்த வாரமே அவரைக் கூப்பிட்டு நோட்டில் பதில் எழுத வையுங்கள்.

அடுத்த கிராம சபை முடிந்ததும் எழுதுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, யார் என்ன கேட்டார்கள் என்று எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.